வாலில் அமெரிக்க எண், வாசம் ஐரோப்பாவில்

ஜெர்மனியின் எகல்ஸ்பாக், பிரான்சின் லெ துக்கே போன்ற சிறு விமானத் தளங்களில் நிற்கும் குட்டி விமானங்களைக் கவனித்தால், ஒவ்வொன்றிலும் வாலை ஒட்டிப் பெரிதாகச் சில எழுத்துகள் இருக்கும். ஜெர்மன் விமானத்தில் அது 'டி' என்று தொடங்கும். பிரெஞ்சு விமானத்தில் 'எஃப்', பிரிட்டிஷ் விமானத்தில் 'ஜி'. இந்திய விமானங்களில் 'வி.டி.' இருப்பதை நாம் பார்த்திருப்போம். அந்த வரிசையின் நடுநடுவே 'என்' என்று தொடங்கும் எண்களும் தென்படும். அது அமெரிக்கப் பதிவு. அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிற விமானம் என்று நினைத்துவிட வேண்டாம். பல சமயம் அது வருடக்கணக்காக அங்கேயே குடியிருக்கும் விமானம். சொந்தக்காரர் பக்கத்து ஊரில் டாக்டராகவோ சிறு தொழில் நடத்துபவராகவோ இருப்பார். ஓட்டுவதும் அவரே.

ஐரோப்பாவில் வசித்து, ஐரோப்பாவுக்குள்ளேயே பறக்கும் ஒருவர் எதற்காக அமெரிக்காவில் பதிவான விமானத்தை வைத்துக்கொள்கிறார்? ஐரோப்பிய ஒன்றியம் ஏன் அதில் தலையிட்டது? அதனால் அவருடைய நிலைமை என்ன ஆயிற்று? இதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பதிவு எங்கேயோ, சட்டம் அங்கே

எல்லாவற்றுக்கும் வேர் 1944-இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கை. அதன்படி ஒரு விமானத்துக்கு, அது எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டின் தேசியம் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பதிவு செய்ய முடியாது. பனாமா கொடி பறக்கும் கப்பலுக்கு அது எந்தக் கடலில் இருந்தாலும் பனாமா சட்டம் கூடவே வருவதைப் போலத்தான் இதுவும்.

உடன்படிக்கை சொல்லும் அடுத்த விஷயம்தான் பைலட்டுக்கு முக்கியம். பன்னாட்டுப் பயணத்தில் விமானம் பறக்கத் தகுதியானது என்ற சான்றிதழைப் பதிவான நாடு தர வேண்டும். ஓட்டுபவரின் லைசென்ஸையும் அந்த நாடே தர வேண்டும், அல்லது வேறு நாட்டு லைசென்ஸை அது ஏற்று அங்கீகரிக்க வேண்டும். உரிய தரத்தில் அப்படித் தரப்பட்டவற்றை மற்ற நாடுகள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆக, 'என்' விமானத்தை ஜெர்மனியிலிருந்து பிரான்சுக்கு ஓட்டிப் போகும் ஜெர்மானியருக்கு, அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. ஏற்கும் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். அவர் அமெரிக்காவில் கால் வைத்ததே இல்லை என்றாலும் சரி. வானத்தில் எந்த உயரத்தில் பறக்கலாம், யாருக்கு வழிவிட வேண்டும் என்பது போன்ற விதிகளில் மட்டும் கீழே இருக்கும் நாட்டின் சொல்லே சட்டம்.

லைசென்ஸ் விமானத்தின் பதிவைப் பின்தொடர்கிறது. இந்த ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டால் மீதிக் கதை தானாகவே விளங்கும்.

மேகம்தான் காரணம்

சாதாரண பிரைவேட் பைலட் லைசென்ஸ் வைத்திருப்பவர் கண்ணால் பார்த்து மட்டுமே பறக்கலாம். மேகத்துக்குள் நுழையக் கூடாது. தரை தெரிய வேண்டும், அல்லது குறைந்தபட்சம் மேகங்களிலிருந்து விலகி, போதிய தூரம் தெளிவாகத் தெரியும் வானிலை வேண்டும். ஐரோப்பாவின் வடபாதியில் வருடத்தில் எத்தனை நாள் அப்படி வானம் திறந்திருக்கும்? வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்பலாம் என்று திட்டம் போட்டவர், ஞாயிறன்று தாழ்ந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டு ஹோட்டலில் உட்கார்ந்திருப்பார். அதைவிட மோசம், எப்படியாவது போய்விடலாம் என்று அந்த மேகத்துக்கு அடியில் தாழப் பறந்து மலையில் மோதுவது. பார்த்துப் பறக்கும் பைலட் மோசமான வானிலைக்குள் மாட்டிக்கொள்வது, சிறு விமானங்களில் உயிர் குடிக்கும் விபத்துகளுக்கு நெடுங்காலமாகவே ஒரு முக்கியமான காரணம்.

இதற்கு மருந்து இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். வெளியே எதுவும் தெரியாதபோது, கருவிகளை மட்டும் பார்த்து விமானத்தை ஓட்டி, ஓடுபாதைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் தகுதி. லைசென்ஸோடு கூடுதலாகச் சேரும் இந்தத் தகுதியில்தான் இரண்டு கண்டங்களும் பிரிந்து நின்றன.

அமெரிக்காவில் இதற்கு எழுத்துத் தேர்வு ஒன்று. கருவிகளைக் கொண்டு பறந்த நேரம் 40 மணி வேண்டும். அதில் 15 மணி பயிற்சியாளருடன் இருந்தால் போதும். பயிற்சியாளர் ஒரு பெரிய பள்ளியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து விமானத் தளத்தில் தனியாகச் சொல்லிக்கொடுப்பவராகவும் இருக்கலாம். மீதி மணிகளை, வெளியே கண்காணிக்கத் தகுதியுள்ள நண்பர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பார்வையை மறைக்கும் மூடியைப் போட்டுப் பறந்து சேர்த்துக்கொள்ளலாம். கடைசியில் தேர்வாளர் நடத்தும் பறப்புத் தேர்வு.

ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் ஏழு எழுத்துத் தேர்வுகள். ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு 50 மணிப் பயிற்சி, அதுவும் அங்கீகாரம் பெற்ற பள்ளியில். ஏர்லைன் வேலைக்குப் போகும் இருபது வயது மாணவரை மனதில் வைத்து வகுத்த பாடத்திட்டம் அது. சொந்தச் செலவில், ஓய்வு நேரத்தில் படிக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு அது எட்டாத உயரம். வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் பள்ளிக்குப் போக அவரால் முடியாது. அவர் ஓட்டப்போவது நான்கு இருக்கை செஸ்னா. படிக்கச் சொல்வதோ பெருமளவு ஜெட் விமானத்துக்கான பாடம்.

அதனால் பலர் அமெரிக்க வழியில் ரேட்டிங் வாங்கினார்கள். வாங்கிய பிறகு? அமெரிக்க ரேட்டிங்கை வைத்துக்கொண்டு 'டி' விமானத்தையோ 'எஃப்' விமானத்தையோ மேகத்துக்குள் ஓட்ட முடியாது. லைசென்ஸ் விமானத்தின் பதிவைப் பின்தொடர்கிறதே! எனவே விமானத்தையே 'என்' பதிவுக்கு மாற்றினார்கள். எகல்ஸ்பாக்கில் நிற்கும் அந்த 'என்' எண்களில் பலவற்றின் பின்கதை இதுதான். வரி ஏய்ப்பு, குறுக்குவழி என்று இதை எடுத்த எடுப்பில் பேசுபவர்கள் உண்டு. மேகத்தில் பாதுகாப்பாகப் பறக்கக் கற்றுக்கொள்ள விரும்பியவர்களுக்குச் சொந்த ஊரில் கதவு மூடியிருந்தது என்பதுதான் என் பார்வையில் முதல் உண்மை.

வேறு காரணங்களும் இருந்தன. புதிய ஜிபிஎஸ் கருவி ஒன்றைப் பொருத்த அமெரிக்க அங்கீகாரம் ஏற்கெனவே இருக்கும்; ஐரோப்பியப் பதிவு என்றால் அதற்குத் தனியாக நேரமும் பணமும் ஆகும். பராமரிப்பு விதிகளும் 2008-க்குப் பிறகு ஐரோப்பாவில் சிறு விமானங்களுக்குக் காகித வேலையாகக் குவிந்தன. அமெரிக்க முறையில் அதற்கான தகுதி பெற்ற மெக்கானிக் ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை செய்து கையெழுத்திட்டால் போதும்.

ஆனால் அமெரிக்கக் குடிமகனோ நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவரோ அல்லாதவர் தன் பெயரில் அங்கே விமானத்தைப் பதிவு செய்ய முடியாது. அதற்கு ஒரு ஏற்பாடு: அமெரிக்காவில் ஒரு அறக்கட்டளை. சட்டப்படி விமானம் அந்த அறங்காவலர் பெயரில் இருக்கும். அனுபவிப்பவர் ஐரோப்பாவில் இருப்பவர். வருடாவருடம் அறங்காவலருக்கு ஒரு கட்டணம். எஃப்.ஏ.ஏ.வுக்குத் தெரிந்தே, அதன் விதிகளுக்கு உட்பட்டே நடக்கும் ஏற்பாடுதான் இது.

ஐரோப்பா கேட்ட கேள்வி

அதிகாரிகளின் கவலையையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். விமானம் நிரந்தரமாக இங்கே நிற்கிறது. ஓட்டுபவர் இங்கே வசிக்கிறார். விழுந்தால் இங்கேதான் விழும். ஆனால் கண்காணிக்க வேண்டிய அலுவலகம் கடலுக்கு அப்பால். பிரிட்டன் 2005-இல் ஒரு யோசனையை முன்வைத்தது: வெளிநாட்டுப் பதிவு விமானம் வருடத்தில் 90 நாளுக்கு மேல் இங்கே தங்கக் கூடாது. விமானச் சொந்தக்காரர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. பாதுகாப்பில் பெரிய வித்தியாசம் இருப்பதற்கு ஆதாரமும் காட்ட முடியாத நிலையில் அந்த யோசனை கைவிடப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் வந்தது. கொலோனில் இருக்கும் அதன் விமானப் பாதுகாப்பு அமைப்பை எல்லோரும் யாசா என்றே அழைக்கிறார்கள். 2008-இல் வந்த அடிப்படைச் சட்டம், விமானம் எங்கே பதிவானது என்பதோடு நிற்காமல், அதை இயக்குபவர் எங்கே வசிக்கிறார் என்றும் பார்த்தது. இயக்குபவர் ஒன்றியத்துக்குள் நிலைகொண்டவர் அல்லது வசிப்பவர் என்றால், மூன்றாம் நாட்டுப் பதிவு விமானமாக, அதாவது ஒன்றியத்துக்கு வெளியே பதிவானதாக, இருந்தாலும் அந்த பைலட்டுக்கு ஐரோப்பிய லைசென்ஸும் வேண்டும். 2018-இல் வந்த புதிய அடிப்படைச் சட்டமும் இதே பிடியை வைத்துக்கொண்டது. அறக்கட்டளை ஏற்பாடு இங்கே உதவாது. காகிதத்தில் யார் உரிமையாளர் என்று கேட்கவில்லை, இயக்குபவர் யார் என்றுதான் கேட்கிறார்கள்.

இதன் விளைவைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒரே தளத்தில் அடுத்தடுத்து இரண்டு சிரஸ் எஸ்ஆர்22 விமானங்கள், இரண்டுமே 'என்' பதிவு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் வந்தவர் அமெரிக்காவில் வசிப்பவர், கோடை விடுமுறைக்கு ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கிறார். அவருக்கு அமெரிக்க லைசென்ஸ், அமெரிக்க மருத்துவச் சான்று போதும். இன்னொன்று உள்ளூர்க்காரருடையது. அதே விமானம், அதே மேகம், அதே ஓடுபாதை. எல்லை தாண்டிப் பறக்க, அவருக்கு விமானத்தின் பதிவுக்காக அமெரிக்க லைசென்ஸ் வேண்டும். வசிப்பிடத்துக்காக ஐரோப்பிய லைசென்ஸும் வேண்டும். இரண்டு பக்கமும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், இரண்டு பக்கமும் மருத்துவச் சான்று.

வாங்கினால் முடிந்துவிடும் வேலையும் இல்லை. ஐரோப்பிய இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு 12 மாதம் செல்லும். அமெரிக்க மூன்றாம் வகுப்புச் சான்று 40 வயதைத் தாண்டியவருக்கு 24 மாதம். ஒற்றை எஞ்சின் விமானத்தை ஓட்டுவதற்கான ரேட்டிங்கை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஐரோப்பாவில் புதுப்பிக்க, கடைசி 12 மாதத்தில் 12 மணி பறந்திருக்க வேண்டும், பயிற்சியாளருடன் ஒரு மணி பறக்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்வாளரிடம் தேற வேண்டும். அமெரிக்காவுக்கு 24 மாதத்துக்கு ஒருமுறை அந்நாட்டுப் பயிற்சியாளரோடு ஒரு மணி பேச்சு, ஒரு மணி பறப்பு. மேகத்தில் பறக்கும் தகுதிக்கு ஐரோப்பாவில் வருடம் ஒரு தேர்வு. அமெரிக்க விதியோ கடந்த ஆறு மாதத்தில் ஆறு முறை கருவிகளைக் கொண்டு, இறங்குவதற்காக ஓடுபாதையை அணுகியிருக்கிறாரா என்று கேட்கும். நான்கைந்து காலண்டர்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் ஓடும். ஒன்றை மறந்தாலும் அன்றைய பயணம் சட்டவிரோதம், காப்பீட்டிலும் சிக்கல்.

அடுத்தது, 2016 ஆகஸ்ட் முதல் வணிக நோக்கமில்லாத பறப்புக்கான ஐரோப்பிய இயக்க விதிகளும் இவர்களுக்குப் பொருந்துகின்றன. பயணத்துக்கு முன் எரிபொருள், வானிலை, என்னென்ன கருவிகள் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். ஆனால் விமானத்தின் பராமரிப்பும் தகுதிச் சான்றும் இன்றும் பதிவான நாட்டின் கையில்தான்.

பத்து வருடத் தவணை

லைசென்ஸ் விதி 2012 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மூன்றாம் நாட்டு லைசென்ஸுடன் பறக்கும் பிரைவேட் பைலட்டுகள் விஷயத்தில் மட்டும் உறுப்பு நாடுகள் விரும்பினால் 2014 வரை தள்ளிவைக்கலாம் என்றார்கள். லைசென்ஸ் விஷயத்தில் அமெரிக்காவோடு ஒப்பந்தம் வரும், அதுவரை பொறுக்கலாம் என்பது நினைப்பு. அதற்குள் ஒப்பந்தம் வரவில்லை. தவணை 2015-க்குப் போனது, பிறகு 2016, 2017 என்று நகர்ந்துகொண்டே போய் கடைசியாக 2022 ஜூன் 20-இல் முடிந்தது.

தள்ளிவைத்தது சலுகைதானே என்று தோன்றலாம். பைலட்டின் இடத்தில் இருந்து பாருங்கள். அடுத்த வசந்தத்தில் என் ரேட்டிங் செல்லாமல் போகுமா? இப்போதே ஐரோப்பியப் பயிற்சிக்குப் பணம் கட்டட்டுமா? விமானத்தை விற்றுவிடலாமா? ஒவ்வொரு வருடமும் இந்தக் கேள்வி. கெடு நெருங்கும்போது அவசரமாகச் செலவு செய்தவர்கள், கடைசி நேரத்தில் இன்னொரு நீட்டிப்பைப் பார்த்து நொந்துபோனார்கள். தெளிவான கடுமையான விதியைவிட, பத்து வருடம் தலைக்கு மேல் தொங்கிய விதி அதிகத் தொல்லை தந்தது என்று நான் நினைக்கிறேன்.

அந்தப் பத்து வருடத்தில் நடந்த நல்ல காரியம் வேறு பக்கத்தில் இருந்தது. மூடியிருந்த கதவை ஐரோப்பா கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. 2014-இல் திறன் அடிப்படையிலான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் வந்தது. பள்ளியில் குறைந்தது 10 மணி போதும். மீதியில் வெளியே தகுதியான பயிற்சியாளருடன் பறந்ததும் கணக்கில் சேரும். எழுத்துத் தேர்வுப் பாடமும் குறைந்தது. அமெரிக்க ரேட்டிங் வைத்திருந்து, விமானத்துக்குப் பொறுப்பான பைலட்டாகக் கருவிகளைக் கொண்டு பறக்கும் விதிகளின் கீழ் 50 மணி பறந்தவருக்கு எழுத்துத் தேர்வே வேண்டாம். பறப்புத் தேர்வின்போது, விமானச் சட்டம், வானிலை, பயணத் திட்டமிடல் பற்றித் தேர்வாளர் வாய்மொழியாகக் கேட்பார், அவ்வளவுதான். 'என்' விமானம் வைத்திருந்தவர்களுக்கு உண்மையான விடுதலை இந்த வரியில் இருந்தது.

2021 செப்டம்பரில் அடிப்படை இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் என்று இன்னும் எளிதான ஒன்று வந்தது. இத்தனை மணி என்ற கட்டாயமே இல்லை. திறன் வந்துவிட்டது என்று காட்டினால் போதும். ஆனால் இது சர்வதேசத் தரத்துக்குள் வரும் ரேட்டிங் இல்லை, ஐரோப்பிய வட்டத்துக்குள் மட்டும் செல்லும். இதை மட்டும் வைத்துக்கொண்டு 'என்' விமானத்தை மேகத்துக்குள் கொண்டுபோகலாம் என்று கணக்குப் போட வேண்டாம். அதே 2021 மே மாதத்தில், பல வருடம் காத்திருந்த அமெரிக்க-ஐரோப்பிய லைசென்ஸ் ஏற்பாடும் நடைமுறைக்கு வந்தது. பிரைவேட் பைலட் லைசென்ஸையும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, முதலிலிருந்து படிக்காமல் மாற்றிக்கொள்ள முடிந்தது. பராமரிப்பிலும் 2020 மார்ச்சில் சிறு விமானங்களுக்கென இலகுவான விதிகள் வந்தன. இவையெல்லாம் 2005-இலேயே இருந்திருந்தால், இத்தனை விமானங்கள் 'என்' பதிவுக்குப் போயிருக்கவே மாட்டா.

எங்கே கால் இடறும்

அமெரிக்க லைசென்ஸில் இரண்டு வகை உண்டு. முழுத் தேர்வும் எழுதித் தனியாக வாங்குவது ஒன்று. உங்கள் நாட்டு லைசென்ஸை அடிப்படையாக வைத்து எஃப்.ஏ.ஏ. தருவது இன்னொன்று. இரண்டாவது எளிது, அதனால் பலர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அதன் மேல் மூல லைசென்ஸின் எண் அச்சாகியிருக்கும். மூல லைசென்ஸ் செல்லாவிட்டால் இதுவும் செல்லாது. மூலத்தில் இருக்கும் கட்டுப்பாடு இதற்கும் பொருந்தும். எண் மாறினாலே சிக்கல்தான். பிரிட்டன் 2020 கடைசியில் யாசாவை விட்டு வெளியேறிய சமயத்தில், ஐரோப்பாவில் தொடர்ந்து பறக்கத் தங்கள் லைசென்ஸை வேறு உறுப்பு நாட்டுக்கு மாற்றிக்கொண்டவர்கள் பலர். அவர்கள் அமெரிக்கச் சான்றையும் புது எண்ணோடு மீண்டும் வாங்க வேண்டியதாயிற்று. அதே வெளியேற்றத்தால் இன்னொன்றும் நடந்தது: பிரான்சில் வசிப்பவர் அங்கேயே வைத்திருக்கும் 'ஜி' விமானமும் ஒரே இரவில் மூன்றாம் நாட்டுப் பதிவு விமானமாகிவிட்டது.

அடிப்படை லைசென்ஸின் கட்டுப்பாடு கூடவே வரும் என்பதை உலகமே பார்த்த ஒரு சம்பவம் உண்டு. 2019 ஜனவரி 21 இரவு, கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவை நான்ட் நகரிலிருந்து கார்டிஃபுக்கு ஏற்றிச் சென்ற பைப்பர் மாலிபு விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. சாலாவும் பைலட்டும் இறந்தார்கள். அது 'என்' பதிவு விமானம். பைலட்டின் பிரிட்டிஷ் பிரைவேட் லைசென்ஸில் இரவில் பறக்கும் தகுதி இல்லை. அதை ஒட்டித் தரப்பட்ட அமெரிக்கச் சான்றாலும் அந்தக் குறை தீரவில்லை. ஒற்றை எஞ்சின் ரேட்டிங்கும் காலாவதியாகியிருந்தது. பணத்துக்கு ஆள் ஏற்றத் தேவையான அனுமதி விமானத்துக்கும் இல்லை, பைலட்டுக்கும் இல்லை. பைலட் கட்டுப்பாட்டை இழந்ததையும், கார்பன் மோனாக்சைடு அவரைப் பாதித்திருக்கக்கூடும் என்பதையும் 2020 மார்ச்சில் வந்த பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை சொன்னது. விபத்துக்குக் காரணம் அமெரிக்கப் பதிவு என்று சொல்வது தவறு. ஆனால் 'என்' எழுத்து இருந்தால் ஐரோப்பிய விதி தொடாது என்று யாராவது உங்களிடம் சொன்னால், இந்த அறிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று ஐரோப்பாவில் ஒரு பழைய 'என்' விமானம் விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று யோசிப்பவர் முதலில் தன் லைசென்ஸ்களைப் பார்க்க வேண்டும், பிறகுதான் எஞ்சினை. இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் லைசென்ஸும் மருத்துவச் சான்றும் இருக்கின்றனவா? அமெரிக்காவில் பலர் பயன்படுத்தும் இலகுவான 'பேசிக்மெட்' மருத்துவ முறையை ஐரோப்பா ஏற்பதில்லை. அமெரிக்க விதிப்படி வருடச் சோதனைக்குக் கையெழுத்திடத் தகுதியுள்ள மெக்கானிக் அருகில் இருக்கிறாரா? அறங்காவலருக்கு வருடம் எவ்வளவு? விமானத்துக்கு ஐரோப்பாவில் மதிப்புக் கூட்டு வரி கட்டிய காகிதம் இருக்கிறதா? வெளியே வசிப்பவர் தன் சொந்த உபயோகத்துக்குத் தற்காலிகமாகக் கொண்டுவந்தால் ஆறு மாதச் சுங்கச் சலுகை உண்டு; உள்ளே வசிப்பவர் அதை எதிர்பார்க்க முடியாது. திருப்பி ஐரோப்பியப் பதிவுக்கு மாற்ற நினைத்தால், பொருத்தியிருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஐரோப்பிய அங்கீகாரம் உண்டா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது. மாற்றும் செலவு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அப்புறம், அமெரிக்கப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டு முகவரி மட்டும் உள்ள எஃப்.ஏ.ஏ. லைசென்ஸ்காரர்கள், சட்ட அறிவிப்புகளைத் தங்கள் சார்பில் பெற்றுக்கொள்ள அமெரிக்காவில் ஒரு முகவரை நியமிக்க வேண்டும் என்று 2024-இல் விதி வந்தது. ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருந்தவர்களுக்குக் கெடு 2025 ஜூலை 7. நியமிக்காதவர் அந்த லைசென்ஸைப் பயன்படுத்திப் பறக்கக் கூடாது. வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோன பழைய அமெரிக்கச் சான்று உங்களிடம் இருந்தால், அடுத்த முறை 'என்' விமானத்தில் ஏறும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.